ஊசி கேட்காமல் போனது அவர் தப்பில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் ஊசி பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் கட்டி சுருங்கும் என்பதை நன்றாகவே விளக்கியிருந்தார்கள். சிலருக்கு அது மறுபடி வளரும் என்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தச் சிலரில் என் கணவரும் ஒருவர்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. ஒவ்வொரு முறையும் பி.எஸ்.ஏ. (கட்டி வளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) அளவைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பார்: 64, 9, 0.6. பிறகு 1.8 வந்தது. அதைப் பேனாவால் இரண்டு தரம் சுழித்துவிட்டு, "ஊசியை நாலு நாள் தள்ளிப் போட்டோமே, அதனாலயா?" என்று கேட்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்களும் பத்தியம் சரியில்லை என்றார்கள். கடைசிவரை அவர் அப்படித்தான் நம்பினார்.

அவர் போன பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். சில மில்லிமீட்டருக்கு மேல் பெருக வேண்டுமானால் கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் வேண்டும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-லேயே எழுதியிருக்கிறார். அந்தக் குழாய்களை வளரவைக்கும் முக்கியமான புரதம் வி.இ.ஜி.எஃப். அதன் சுரப்பை டெஸ்டோஸ்டிரோன் தூண்டுகிறது. 1998-ல் பாஸ்டனில் ஆய்வாளர் ராகேஷ் ஜெயினின் குழு, ஆண் ஹார்மோனை நம்பி வளரும் கட்டியுள்ள எலிகளுக்கு, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் விரைகளை நீக்கிப் பார்த்தது. வி.இ.ஜி.எஃப். இறங்கியது. புற்றுச் செல்கள் சாவதற்கு முன்பே குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் செத்தன. கட்டி சுருங்கியது. சரி, அப்புறம்? இரண்டு வாரத்தில் வி.இ.ஜி.எஃப். மறுபடி ஏறி, புதுக் குழாய்கள் முளைத்து, கட்டியும் வளரத் தொடங்கிவிட்டது, ஹார்மோன் இல்லாமலேயே. அந்த எலிகளுக்குத் தள்ளிப்போன ஊசியும் இல்லை, தவறிய பத்தியமும் இல்லை.

மனிதர்களில் இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். புற்றுச் செல்லில் ஆண் ஹார்மோனுக்கான ஏற்பியே (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) மாறிவிடுவதும் பெரிய காரணம். வி.இ.ஜி.எஃப்.பை மறிக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்தைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை.

இன்னொன்று. பின்னால், உடம்பில் ஆண் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் அபிராட்டிரோன் மாத்திரையோடு பிரெட்னிசோலோனும் எழுதினார்கள். ஸ்டீராய்டு என்று கேட்டதும் பயந்து இரண்டு நாள் அதை விழுங்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். டெஸ்டோஸ்டிரோனும் ஸ்டீராய்டுதான், இதுவும் ஸ்டீராய்டுதான். ஆனால் முன்னது கட்டிக்குக் குழாய் வளர உதவுகிறது, பிரெட்னிசோலோன் போன்ற கார்டிசோன் வகையோ பெரும்பாலும் அதை அடக்குகிறது. அபிராட்டிரோனோடு தருவது வேறு காரணத்துக்காக: அந்த மருந்தால் உடம்பில் குறைகிற கார்டிசால் என்ற ஹார்மோனை ஈடுகட்ட. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. விலங்கியல் பாடம் நடத்திய எனக்கே தெரியவில்லை என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

கட்டுரையாளரை, கட்டி மறுபடி வளரும் இந்த இரண்டாம் கட்டத்தைப் பற்றியும் விரிவாக எழுதச் சொல்லுங்கள். ஊசியைத் தேதி தவறாமல்தான் போட வேண்டும். ஆனாலும் அது ஒருநாள் கேட்காமல் போகலாம், போனால் அது உங்கள் தப்பில்லை என்று முதல் ஊசியின்போதே நோயாளியிடம் சொல்லிவிடும்படி டாக்டர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
கும்பகோணம்.