மாரியாயிக்கு எல்லை வகுத்துத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும்,

அடுத்தவர் மனதில் ஓடுவதெல்லாம் தன் காதில் வந்து விழும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் மாயக்கதை அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. மாரியாயி அந்த வரத்தைக் கேட்டு வாங்கவில்லை. எப்படியாவது தொலைத்துத் தலைமுழுகப் பார்க்கிறாள். இந்த மாதிரிக் கதை சறுக்குவது சக்தியின் அளவில்தான். எல்லாமே கேட்கிறவளுக்கு மர்மம் ஏது, ஆபத்து ஏது?

முதல் பிரதியில் அவளுக்கு 100 அடி வரை கேட்டது. இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்து அக்காமார்தான் அதைப் பிடித்தீர்கள். 10க்கு 12 அடிக் காம்பரா (அறை), முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்); 100 அடி என்றால் லயமே அவள் தலைக்குள் குடியிருக்குமே, பிள்ளை எப்படிக் கண்ணை மூடும் என்று கேட்டீர்கள். எல்லை 10 அடியானது. இப்போது இடது, வலது, பின்பக்கம் என்று சுவரை ஒட்டிய மூன்று குடும்பங்கள்தான் அவளுக்குக் கேட்கும். மலையில் தேயிலைச் செடிகள் நிரைக்கு நிரை 4 அடி என்பதால் பக்கத்துக்கு இரண்டு நிரை. கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், நிறை எழுதுகிறவரின் மனதைக் கேட்க வேண்டுமா, எல்லோரும் பார்க்கத் தராசுக்குக் கிட்டப் போய்த்தான் நிற்க வேண்டும். எட்டாம் அத்தியாயத்தின் பதற்றம் முழுவதும் அந்த 10 அடி தந்தது.

தேயிலைச் செடிகளின் கிளைகளைக் குறைத்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் அடுத்த மாதமே கொழுந்து எடுக்க வைத்திருந்தோம். துளிர்விட்டுப் பறிக்கிற பதத்துக்கு வர மூன்று மாதமாவது போகும் என்று திருத்தினீர்கள்; கதையின் காலக்கணக்கே மாறியது, நல்லதுக்குத்தான்.

மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து அத்தியாயத்துக்கு, தப்பு என்னும் பறையை அடிக்கும் கலைஞர்களுக்கு நன்றி. பனியில் தோல் தொய்ந்து ஓசை மந்தமாகிவிடும். வைக்கோலைக் கொளுத்தி, தோலைத் தீயில் படவிடாமல் அனலில் மட்டும் காட்டிச் சுற்றி, விரலால் சுண்டிப் பார்த்து, ‘கணீர்’ என்றதும் எடுக்க வேண்டும். அந்த முதல் அடியில்தான் மாரியாயியின் தலைக்குள் மற்றவர் குரல்கள் அடங்குகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய உதவி குறி சொல்லும் ஒரு கோடாங்கி ஐயா செய்தது. ஊரார் அவளுக்குப் பயந்து ஒதுங்குவதாக எழுதியிருந்தோம். ஒதுங்க மாட்டார்கள், விடிந்ததும் வெற்றிலை பாக்கோடு குறி கேட்க வாசலில் நிற்பார்கள் என்றார். வேண்டாத சக்தியின் பாரம் அந்த வரிசையில்தான் இருக்கிறது. நாவலின் நடுப்பகுதியைத் திரும்ப எழுதினோம்.

பக்கம் அமைத்த தம்பிக்கும் மெய்ப்புப் பார்த்த ஆசிரியைக்கும் தனி நன்றி. மனக்குரலைச் சாய்வெழுத்தில் வைத்தபோது ‘கி’, ‘கீ’ எழுத்துகளின் மேல்வளைவுகள் அடுத்த எழுத்தில் இடித்தன. மேற்கோள் குறி இல்லாமல் உள்ளே தள்ளி அமைத்ததும் சரியானது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட அத்தியாயங்களை யுனிகோடுக்கு மாற்றியதில் ‘ஔ’ பல இடங்களில் ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகப் பிரிந்து நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்; ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தியது அந்த ஆசிரியைதான்.

படித்துத் திருத்தித் தந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி வருகிறது. இன்னும் பிழை கண்டால் பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். அடுத்த பதிப்பில் சேர்ப்போம்.

அன்புடன்,
நூலாக்கக் குழுவினர்