தாலியைக் கழற்றும் முன் ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு மருத்துவமனையில் அக்காவைச் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டில் அம்மாளின் திருமண மோதிரத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டிய நர்ஸ், அக்காவிடம் மட்டும் "செயினைக் கழற்றுங்கள்" என்றார். அது தாலி என்று அவருக்குத் தெரியவில்லை. பாதுகாப்பு விதி இருக்கட்டும். முதல் நாளே சொல்லியிருந்தால் மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டியிருப்போமே! சூலு மக்கள் மணிக்கட்டில் அணியும் தோல் காப்பான இசிபாண்ட்லாவுக்கும் இதே பாடுதான்.

பள்ளி மாணவியின் மூக்குத்தி வழக்கில், சமய, பண்பாட்டு வழக்கங்களுக்கு இடம் தரச் சொல்லி அரசியலமைப்பு நீதிமன்றம் 2007-லேயே தீர்ப்பளித்துவிட்டது. நர்ஸ் பயிற்சியில் இதற்கு ஓர் அரைநாள் ஒதுக்கக் கூடாதா? சேர்க்கைப் படிவத்தில், "கழற்றத் தயங்கும் சமயப் பொருள் ஏதும் அணிந்திருக்கிறீர்களா?" என்றும் கேட்கலாம்.

– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்