பருவலையில் டால்பின் சிக்கி இறப்பதைக் குறைக்க வலை இழப்பீடும் தாழ்வலைச் சோதனையும் கோரும் மனு

அனுப்புநர்:
பருவலை விசைப்படகு உரிமையாளர்கள் மற்றும் தொழிலாளர்கள்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை,
சென்னை.

நகல்: தலைமை வன உயிரினக் காப்பாளர், சென்னை, மாவட்ட ஆட்சித் தலைவர், தூத்துக்குடி.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சூரை (டூனா) மீனை நம்பிப் பல நாள் கடலில் தங்கி, மிதக்கும் செவுள்வலையான பருவலையை விடுகிறவர்கள் நாங்கள். எங்கள் வலையில் அவ்வப்போது டால்பின் மாட்டுகிறது. இதை எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு நம் மேலேயே வழக்கு வராதா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. வெளியே சொல்ல எல்லோரும் பயப்படுவதால்தான் இந்தப் பிரச்சினை இத்தனை காலம் தீராமல் கிடக்கிறது என்று பேசி முடித்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

பொழுது சாயும்போது வலை விடுகிறோம். கிலோமீட்டர் கணக்கில் நீளும் வலை இரவு முழுக்க நீரோட்டத்தோடு மிதந்து போகும். ஒரு முனையில் படகும் கூடவே போகும். மேல்கயிறு தண்ணீர் மட்டத்தை ஒட்டியே கிடக்கும். சிறுமீனையும் கணவாயையும் தேடிச் சூரை மேலே ஏறுகிற இடத்துக்கே டால்பினும் வருகிறது. ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்து வழி பார்க்கும் பிராணிதான் அது. ஆனால் நைலான் இழை அந்த எதிரொலியில் சரியாகப் பிடிபடுவதில்லை. மூக்கோ வாலோ கண்ணியில் மாட்டியதும் புரண்டு புரண்டு இன்னும் சுற்றிக்கொள்ளும். செவுள் கிடையாது, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும், வர முடிவதில்லை. விடியுமுன் நாங்கள் வலை வாங்கும்போது பெரும்பாலும் செத்துத்தான் வருகிறது. தோலில் கண்ணித் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். இருட்டிலும் அலையாட்டத்திலும் நாலு பேர் சேர்ந்தாலும் படகில் ஏற்ற முடியாத எடை; வலையை அறுத்தால்தான் கழற்ற முடியும். கிழிந்துபோன வலையைக் கரையில் உட்கார்ந்து பொத்தி எடுக்க நாள் கணக்காகும். டால்பின் மாட்டாமல் இருந்தால் முதலில் நிம்மதி அடைபவர்கள் நாங்கள்தான்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் டால்பின் இருக்கிறது. வேட்டை நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வேண்டுமென்றே பிடித்து விற்கிறவனுக்கு அது தகும். தானாக வந்து மாட்டியதைக் கரையில் காட்டுகிறவனுக்கும் அதே பயம் இருப்பதால், கடலிலேயே அறுத்துவிட்டுப் பேசாமல் திரும்புவதுதான் எந்தக் கரையிலும் நடக்கிறது. அப்புறம் கணக்கு எங்கிருந்து வரும்? இந்தியப் பெருங்கடலின் சூரை வலைகளில் 1950 முதல் 2018 வரை டால்பின் போன்ற சிறிய திமிங்கல இனங்கள் சுமார் 41 லட்சம் சிக்கியிருக்கும் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 80,000. ஈரான், பாகிஸ்தான், ஓமன், இலங்கை, இந்தியா என்று பல நாட்டு வலைகளும் சேர்ந்த கணக்கு அது. பெரும்பாலான கரைகளில் பதிவு இல்லாததால், கிடைத்த கொஞ்சத்தை வைத்துப் பெருக்கிப் போட்டது. இதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை இழப்பீடு. குஜராத் கரையில் திமிங்கலச் சுறா ஒரு காலத்தில் ஈரல் எண்ணெய்க்காக வேட்டையாடப்பட்டது. 2001இல் அதுவும் முதல் அட்டவணைக்குப் போனது. அங்கே வனத்துறை வெறும் எச்சரிக்கைப் பலகையோடு நிற்கவில்லை. வலையை அறுத்துச் சுறாவை உயிரோடு விட்டால், படகுக்காரர் தாமே எடுத்த புகைப்படத்தைச் சான்றாக ஏற்று 25,000 ரூபாய் வரை வலைக்கு ஈடு கொடுத்தது. படம் எடுக்கக் கேமராவும் மீனவர்களிடம் கொடுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான சுறாக்கள் அப்படி உயிரோடு திரும்பின. இன்று எங்கள் படகில் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது, கேமரா தனியாகத் தரவேண்டியதில்லை. பாக் நீரிணையில் கடற்பசுவை விடுவித்தவர்களுக்கு நம் வனத்துறையும் ரொக்கப் பரிசும் சான்றிதழும் கொடுத்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் சான்றிதழை வைத்து வலை பொத்த முடியாது. அறுந்த வலைக்கு ஈடு கிடைக்கும் என்று தெரிந்தால்தான் இருட்டில் கத்தியை எடுக்கும் கை தயங்காது.

இதோடு சேர்ந்ததுதான் வழக்குப் பயம். சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. தற்செயலாக மாட்டியதை அன்றே அறிவித்து, உடலை விற்காமல் ஒப்படைக்கும் படகின் மீது வேட்டை வழக்கு தொடுப்பதில்லை என்ற நடைமுறையை மீன்வளத்துறையும் வனத்துறையும் சேர்ந்து எழுத்தில் தர வேண்டும். வாய்மொழி உறுதி போதாது, அதிகாரி மாறினால் அதுவும் மாறிவிடும்.

அடுத்தது வலை விடும் முறை. அரபிக்கடலில் பாகிஸ்தான் சூரைப் படகுகளில் 2013 முதல் 2017 வரை பதிவு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மேல்கயிற்றை நீர்மட்டத்தில் விடாமல் 2 மீட்டருக்குக் கீழே தொங்கும்படி இறக்கினார்கள். டால்பின் சிக்குவது முக்கால் பங்குக்கும் மேல் குறைந்தது. புதுக் கருவி எதுவும் வேண்டாம். மிதவைக்கும் மேல்கயிற்றுக்கும் இடையே கூடுதல் கயிறு போதும். மொத்த மீன்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை என்றாலும், சூரை ஓரளவு குறைந்ததாகவும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. எங்களுக்கு உறுத்துவது அந்த ஒரு வரிதான். சூரைதான் எங்கள் சோறு. எனவே நேரடியாக உத்தரவு போடாமல், விருப்பமுள்ள சில படகுகளில் பாதி வலையை மேலேயும் பாதி வலையைத் தாழ்த்தியும் விட்டு ஒரு பருவம் சோதித்துப் பார்க்க வேண்டும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்கள் ஆள் அனுப்பினால் படகில் இடம் தருகிறோம், சோறும் போடுகிறோம். சோதனைக் காலத்தில் பாடு குறைந்தால் அதை அரசு ஈடுகட்ட வேண்டும்.

டால்பினை விலக்க வலையில் கட்டும் ஒலிக்கருவி பற்றியும் சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவின் மெயின் வளைகுடாவில் 1994இல் சோதித்தபோது டால்பின் போன்ற கடற்பன்றிகள் சிக்குவது வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் எங்கள் நீளத்துக்கு ஒரு வலைக்கே பல கருவிகள் கட்ட வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும், தொலைந்தால் வாங்க வேண்டும். மீன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் மணியாக அந்த ஒலியைச் சில டால்பின்கள் பழகிக்கொள்ளலாம் என்ற கவலையும் உண்டு. முதலில் கயிற்றை இறக்கிப் பார்ப்போம்.

பாக் நீரிணையில் கடலடியை வாரும் இழுவைமடிப் படகுகளைக் குறைக்க 2017இல் தொடங்கிய திட்டத்தில் அரசு மானியத்தோடு வந்த ஆழ்கடல் படகுகளும் தூண்டிலோடு செவுள்வலை ஏற்றியவைதான். அரசே கொடுத்த வலையிலும் டால்பின் மாட்டும் என்பதால் அந்தப் படகுகளையும் இந்தச் சோதனையில் சேர்க்கக் கேட்கிறோம்.

ஏற்றுமதியையும் தாங்கள் அறிவீர்கள். கடல் பாலூட்டிகளைக் காக்கத் தன் சட்டத்துக்கு இணையான ஏற்பாடு இல்லாத மீன்பிடிப்பின் சரக்கை அமெரிக்கா 2026 ஜனவரி 1 முதல் அனுமதிப்பதில்லை. வலையிலிருந்து ஆமை தப்ப வழிவிடும் சாதனம் இல்லை என்று காரணம் காட்டிக் கடல் இறாலை அவர்கள் நிறுத்தியபோது அடி விழுந்தது படகுக்காரனுக்குத்தான். நாளைக்குச் சூரைக்கும் அந்தக் கேள்வி வந்தால் காட்டுவதற்குப் பதிவு வேண்டும். பயம் நீங்கினால் அந்தப் பதிவை நாங்களே எழுதித் தருகிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகு கரையில் நிற்கும், வலை வேலையும் அப்போதுதான் நடக்கும். மேல்கயிற்றை மாற்றிக் கட்டவும், உயிரோடு மாட்டிய டால்பினை வாலைப் பிடித்து இழுக்காமல், மூச்சுத் துளையைத் தண்ணீருக்கு மேல் தாங்கி விடுவிக்கப் பயிற்சி தரவும் அதுவே தோதான நேரம். எனவே அதற்கு முன்பாக வனத்துறையையும் எங்கள் பிரதிநிதிகளையும் ஒன்றாக அழைத்துக் கூட்டம் நடத்தி, வலை இழப்பீடு, அறிவிப்பு நடைமுறை, தாழ்வலைச் சோதனை ஆகிய மூன்றுக்கும் உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பருவலை விசைப்படகு உரிமையாளர்கள், தொழிலாளர்கள்,
தூத்துக்குடி மாவட்டம்.
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)