மேலே எப்போது என்று இனிக் கேட்கமாட்டேன்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று நீ போன் எடுத்தபோது நான் இரவு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றேன். "அம்மா, அணியால விட்டிட்டாங்கள்" என்றாய். பேந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஹொக்கியை நிப்பாட்டட்டா?" என்று கேட்டாய். நான் "சாப்பிட்டியா?" என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. விடியும்வரைக்கும் ஒவ்வொரு வயோதிபரின் அறையாகப் போய்ப் பார்த்து வரும்போதும் உன் கேள்விதான் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, படுக்காமல் இதை எழுத இருக்கிறேன். போனில் எனக்கு இதெல்லாம் வராது. ஆறுதலாக வாசி. விளங்காத சொல் ஏதும் இருந்தால் அப்பாவிடம் கேள்.

ஆறு வருடத்தில் ஐந்து ஐஸ் ஹொக்கி அணி. உன் விலாசங்களைச் சமையலறைக் கலண்டரின் பின்பக்கத்தில்தான் எழுதி வைக்கிறேன். பழையதை வெட்டிவிட்டு அதற்குக் கீழே புதியதை எழுதுவேன். போன மாதம் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான், ஒவ்வொரு விலாசமும் வந்த அன்று நான் உன்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. "மேல எப்ப கூப்பிடுவாங்கள்?"

கலியாண வீடுகளில் யாரும் விசாரித்தால், "ஹொக்கி விளையாடுறார், கெதியில என்.எச்.எல் போயிடுவார்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். என்.எச்.எல்தான் உச்ச லீக். நீ நிற்கிற ஈ.சி.எச்.எல் லீக்கை, அதற்கு மேலே இருக்கிற ஏ.எச்.எல்லை, எல்லாவற்றையும் மாடிப்படியாகத்தான் பார்த்தேன். படியில் ஒருவரும் குடியிருப்பதில்லை என்று நினைத்தேன். ஏ.எச்.எல்லில் இருந்து பரீட்சார்த்த ஒப்பந்தத்தில் உன்னைக் கூப்பிட்டு, சில ஆட்டம் ஆடவிட்டுத் திருப்பி அனுப்பிய மாசியில், நீ வீட்டுக்குப் போன் எடுக்க நாலு நாள் எடுத்தாய். அந்த நாலு நாளும் என் கேள்விக்குப் பயந்துதான் இருந்தாய் என்று இப்போது நினைக்கிறேன். அது என் பிழை, மகன்.

போன தை மாதம் உன் அணி ஒஹாயோவுக்கு ஆட வந்தபோது அப்பாவும் நானும் கார் ஓடி வந்தோமே, அதைச் சொல்லவேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவில் மூன்று ஆட்டம். நாங்கள் வந்தது சனி. முதல் இரவு ஆட்டம் முடிந்து, பஸ்ஸில் நித்திரை கொண்டு வந்த முகம் உனக்கு. நீ ஆறு வயதில் தொடங்கியதில் இருந்து எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன். விடிய ஐந்து மணிக்கு ஐஸ் என்றால் நாலு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, கையுறைக்குள்ளே விரல் விறைக்க விறைக்க இருந்து பார்த்தவள் நான். ஆனால் அவ்வளவு காலமும் என் கண் பக்குக்கு, அந்தக் கறுப்பு றப்பர் வட்டுக்கு, பின்னால்தான் ஓடியது. பக் உன்னிடம் வந்தால் உன்னைப் பார்ப்பேன், போனால் விட்டுவிடுவேன். அன்றைக்குத்தான் பக்கை விட்டுவிட்டு உன்னை மட்டும் பார்த்தேன்.

எதிரணி பக்கை உங்கள் மூலைக்கு அடித்து அனுப்புகிறது. நீ திரும்பி அதை எடுக்கப் போகிறாய். போகிற வழியில் இரண்டு தரம் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்க்கிறாய், ரோட்டைக் கடக்கிற பிள்ளைக்கு நான் சொல்லித் தந்த மாதிரி. உனக்குப் பின்னால் ஒரு மலை மாதிரி ஆள் வருகிறான். அவன் உன்னைக் கண்ணாடியோடு சேர்த்து அடிக்கும்போது பக் உன்னிடம் இல்லை. அடி விழமுன்னரே அது உன்னோடு சேர்ந்து தடுக்கிற சோடியின் ஸ்ரிக்குக்குப் போய்விட்டது. எழும்பி, இடத்துக்குப் போய் நிற்கிறாய். முக்கால் நிமிடத்துக்குள் பெஞ்சுக்குத் திரும்புகிறாய். திரும்பவும் அதே வேலை. ஒரு இரவில் இருபது தடவைக்கு மேல் அப்படிப் போய் வந்தாய்.

உங்கள் பெடியன் ஒருவனைத் தண்டனைப் பெட்டிக்குள் இருத்தியபோது, நாலு பேராக நின்று இரண்டு நிமிடம் காத்தீர்கள். எதிரணிக்காரன் தூரத்தில் இருந்து அடித்ததை நீ விழுந்து கணுக்காலில் வாங்கினாய். எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. சனம் கை தட்டவில்லை. ஆனால் உங்கள் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழும்பி ஸ்ரிக்கால் பலகையில் தட்டினார்கள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார ஐயா ஒருவர், அடியை உடம்பில் வாங்கினவனுக்கு அவர்கள் கொடுக்கிற மரியாதை அது என்றார். "அது எங்கட மகன்" என்று அப்பா அவரிடம் சொன்னார். ஆட்டம் முடியும்வரைக்கும் ஒவ்வொரு இடைவேளையிலும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

2017 யூன் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. உனக்கு ஞாபகம் இருக்கும். படிப்பு விடுமுறையில் வந்து நின்றாய். பேஸ்மென்ற் சோபாவில் நீயும் நானும் இருந்து பார்த்தோம். நாஷ்வில்லில் பிற்ஸ்பேர்க் 2-0 என்று வென்று என்.எச்.எல்லின் ஸ்ரான்லி கிண்ணத்தை எடுத்தது. பிற்ஸ்பேர்க் கப்டன் சிட்னி குரொஸ்பி கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, முதல் ஆளாக யாரிடம் கொடுக்கிறார் என்று பாருங்கோ அம்மா என்று என் கையைப் பிடித்தாய். ரொன் ஹெயின்சி. 36 வயது. உன்னைப் போலவே தடுப்பாட்டக்காரர். அந்த வருடத்துக்கு முன்னர் ஒரு பிளேஓஃப், அதாவது பருவம் முடிந்த பிறகு கிண்ணத்துக்காக ஆடுகிற ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை. 907 ஆட்டம் ஆடிவிட்டுத்தான் முதலாவது பிளேஓஃப். அவரைப்போல் அவ்வளவு காலம் காத்திருந்தவர் என்.எச்.எல்லில் அதுவரைக்கும் ஒருவருமில்லை என்று சொன்னாய். 82 ஆட்டமுள்ள பருவம் என்றால் பதினொரு பருவம். நான் அழுதுவிட்டேன். நீயும்தான்.

அந்தக் கதையை நான் எட்டு வருடமாகப் பிழையாக வைத்திருந்தேன். காத்திரு, ஒரு நாள் உன்னையும் கூப்பிடுவார்கள், கிண்ணத்தை உன் கையிலும் தருவார்கள் என்று. கிண்ணத்துக்கு முன்னால் கிடந்த 907 என் கண்ணில் படவில்லை.

மொன்றியல் ஹெயின்சியை, என்.எச்.எல் அணிகள் இளம் ஆட்டக்காரரை எடுக்கிற 2000ஆம் ஆண்டுத் தேர்வில், 13ஆவது ஆளாக எடுத்தது. அப்படி எடுக்கப்பட்டவரே வருடக்கணக்கில் ஹாமில்ரனில், எங்கள் வீட்டில் இருந்து ஒன்றேகால் மணித்தியால ஓட்டத்தில், ஏ.எச்.எல்லில் ஆடினார். 2005இல் மொன்றியல் அவரைக் கைவிட்டுவிட, கொலம்பஸ் எடுத்தது. பிறகு அட்லாண்டா போனார். 2011இல் அந்த அணியையே தூக்கி வினிப்பெக்குக்குக் கொண்டுபோனார்கள். அவரும் கூடப் போனார். 2013 கோடை முழுக்க ஒப்பந்தம் இல்லை, செப்ரெம்பரில்தான் கரோலினா கூப்பிட்டது. அப்போது அவருக்கு 32 வயது, உன்னைவிட மூன்று வயது கூட. அந்தக் கோடையில் அவருடைய அம்மாவும் என்னைப்போல் போனுக்குப் பக்கத்தில் இருந்திருப்பாவோ தெரியாது. பிற்ஸ்பேர்க் அவரை எடுத்ததுகூட 2017 மாசியில்தான், பருவம் முடிகிற நேரத்தில். அவர்களுடைய பெரிய தடுப்பாட்டக்காரர் கிறிஸ் லெற்றாங் கழுத்துச் சத்திரசிகிச்சையால் ஆடமுடியாமற் போக, அந்த நிமிடங்களில் ஒரு பங்கை இவர் சுமந்தார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் ரொறொன்ரோவுக்கே வந்து இரண்டு வருடம் ஆடினார். மோர்கன் ரைலி என்ற தடுப்பாட்டக்காரருக்குச் சோடி. 2018-19 பருவத்தில் ரைலி 20 கோல் அடித்து, மற்றவர்களின் கோலுக்குச் செய்த உதவியும் சேர்த்து 72 புள்ளி எடுத்தபோது ஊரே ரைலியைக் கொண்டாடியது. நீதான் சொன்னாய், "ரைலி முன்னுக்குப் போறார் எண்டா, பின்னுக்கு ஹெயின்சி நிக்கிறார் எண்டு அர்த்தம், அம்மா." அதைச் சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோசத்தை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. உன் தொழிலைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தாய், நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன்.

கிண்ணம் கிடைக்காமலே போயிருந்தாலும் அவர் அந்த 907ஐயும் ஆடித்தான் இருப்பார். உன்னுடைய ஆட்டங்களை நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். கிழமைச் சம்பளம், பருவம் முடிந்தால் அதுவும் இல்லை, கோடையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கேற்றிங் பழக்கி வாடகை கட்டுகிறாய், தெரியும். ஆனால் ஐந்து நகரத்தில் ஐந்து பயிற்றுநர்கள், ஒரு கோல் முன்னுக்கு நிற்கிற கடைசி நிமிடத்தில் உன்னை ஐஸில் விட்டிருக்கிறார்கள். வேலை தெரியாதவனை அந்த நிமிடத்தில் விடமாட்டார்கள். இதைத்தான் இனிக் கலியாண வீட்டில் சொல்லப்போகிறேன்.

இங்கிலாந்து அணி ஒன்றில் இருந்து வந்த கடிதத்தை அப்பா வாசித்துக் காட்டினார். தங்க வீடு, விளையாடிக்கொண்டே முதுகலைப் படிப்பு. அங்கே இப்படிக் கனபேர் படித்துக்கொண்டு ஆடுகிறார்களாம். மாமி லண்டனில் இருக்கிறா, ஞாயிறு என்றால் உனக்குச் சோறு கிடைக்கும். என்னைக் கேட்டால் போ என்றுதான் சொல்வேன். படிப்பு என்ற சொல்லைக் கண்டதும் சொல்கிறா என்று நினைக்காதே. தை மாதம் நான் பார்த்த அந்த ஆள் இன்னும் ஆடி முடிக்கவில்லை.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் தலையில் அடிபட்டதை எனக்குச் சொல்லாமல் மறைத்தாய். வெளிச்சம் பார்க்கமுடியாமல் திரைச்சீலையை மூடிக்கொண்டு படுத்திருந்தாய் என்று உன் அறைத்தோழன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கேயும் கையெழுத்து வைக்கமுன்னர், நீயாக ஒரு வைத்தியரிடம் போய் முழுவதையும் சொல்லு. தோள்மூட்டையும் காட்டு. அவர் வேண்டாம் என்றால், அன்றைக்கே உன் பையைக் கொண்டுவந்து பேஸ்மென்றில் காயப்போடு, நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். அவர் ஆடலாம் என்றும் நீயே போதும் என்றும் சொன்னாலும் அப்படித்தான். என் கேள்விக்குப் பயந்து ஆடவும் வேண்டாம், அதற்குப் பயந்து நிப்பாட்டவும் வேண்டாம்.

திங்கள் எனக்கு வேலை இல்லை. அப்போது போன் எடு.

இன்னொன்று. தை மாதத்து ஆட்டத்தில் உன் சோடியாக ஆடின அந்தச் சின்னப் பெடியன், புதுசு, பக்கை நடுவில் கொடுத்து கோல் வாங்கினானே. பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். நீ அவனுடைய ஹெல்மெற்றோடு உன் ஹெல்மெற்றை முட்டி ஏதோ சொன்னாய், அவன் சிரித்தான். அடுத்த முறை நீங்கள் இறங்கியபோது அவன் நல்லாக ஆடினான். என்ன சொன்னாய் அவனுக்கு? அன்றைக்கே கேட்க நினைத்தேன். அதை விட்டுவிட்டு வழக்கமான கேள்வியைத்தான் கேட்டேன்.

அம்மா
ஸ்காபரோ