என் வரியை வாங்கிக்கொள்ளுங்கள்

ஊர் அம்பலம் அய்யாவுக்கும், அய்யனாருக்கு மண்குதிரை தூக்கிப் போகும் புரவி எடுப்பு விழாவின் கமிட்டிப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை சாவடியில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். விழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடும் தலைக்கட்டு வரி 2,000 ரூபாயை நீட்டினேன். கணக்கு எழுதும் மாமா வாங்கி எண்ணினார். நோட்டைப் புரட்டியவர், மூன்று வருடத்துக்கு முன் என் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு போட்ட பக்கத்தில் நின்றார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "ஒங்க அப்பா வரி வந்திருச்சுப்பா, அது போதும்" என்று பணத்தை என் பக்கம் தள்ளினார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வரி கொடுக்காதவனைத் தேடி ஊர் ஆள் அனுப்பும். கொடுக்க வந்தவனைத் திருப்பி அனுப்பி நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்காக மட்டும் கேட்கவில்லை. போன வருடம் படையல் சோறு பிரிக்கும்போது தலைக்கட்டுப்படி பெயர் வாசித்தீர்கள். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. எனக்குத் தெரியாமல் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றிருக்கிறாள். கடைசிப் பெயர் வரைக்கும் நின்றுவிட்டு, வாளியைத் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்டு திரும்பி வந்தாள். "அப்பா, ஒன் பேரு அவங்களுக்கு மறந்துபோச்சு" என்றாள். மறக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வது?

செய்ததை மறைக்கவில்லை. போதை மாத்திரைக்காக அம்மாவின் பித்தளை அண்டாவை விற்றேன். பெரியவர் ஒருவரின் தோட்டத்து மோட்டார் வயரை உருவி விற்றேன். வயர் பணத்தை மாதம் 500 வீதம் கட்டிப் போன தையோடு முடித்துவிட்டேன், அவரே சாட்சி. அண்டாவுக்குக் கணக்குப் பார்க்க மாட்டேன் என்கிறாள் அம்மா.

மாத்திரையை விட்டு இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். ஆரம்பத்தில் முதலாளி என்னை மணல் சலிக்கத்தான் விட்டார். இப்போது பூ அச்சு என் கையில். கமிட்டியார் ஒருவரின் புதுவீட்டு முகப்பில் பதித்திருப்பது நான் ஊற்றிய கல்தான். கல் ஆகும், பெயர் ஆகாதா?

ஜூன் 26 அன்று பள்ளிக்கூட வாசலில் போதை ஒழிப்புப் பதாகை பிடித்து நின்றவர்களில் நீங்களும் உண்டு. புரவி எடுக்கிற அன்று சாயங்காலம் எத்தனை பேர் வாயில் என்ன வாடை அடிக்கும் என்று அய்யனாருக்குத் தெரியும். அவர்கள் தோளில் குதிரை ஏறுகிறது. சரி, அது அரசாங்கமே விற்கிற சரக்கு, போதைக் கணக்கில் வராது போல. போதையை விட்டவன் இல்லாத ஊரைத்தான் போதையில்லாத ஊர் என்கிறோமோ என்னவோ.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பை 2017-ஆம் வருட மனநலச் சட்டமே நோயில்தான் சேர்த்திருக்கிறது. டிபிக்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுத் தேறியவன் பெயர் மேல் கோடு போடுவீர்களா?

டாக்டர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று. விட்ட உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது, பழைய அளவை ஒருதரம் எடுத்தாலே மூச்சு நின்றுபோகலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி போன் அடித்தது. பழைய கூட்டாளி. "வாடா மாப்ள, ஒன்னய இன்னும் கூப்புடுறது நாங்கதான்" என்றான். போனை அணைத்து மனைவியிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லையே, அய்யா.

குதிரை செய்யச் சொல்லி வேளாரிடம் பிடிமண் கொடுத்தாகிவிட்டது, புரவிகள் சூளையேற இன்னும் நாள் இருக்கிறது. புரவி தூக்கத் தோளுக்கு இடம் கேட்கவில்லை, அது ஒரு வருடம் போகட்டும். வரியை மட்டும் வாங்கி, பெயரை எழுதி, ரசீது கிழித்துக் கொடுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை அதே 2,000 ரூபாயோடு சாவடிக்கு வருகிறேன். மகளையும் கூட்டிக்கொண்டு வருவேன். தயவுசெய்து அப்பா பெயரில் வேண்டாம், என் பெயரில்.

இப்படிக்கு,
நோட்டில் கோடு போட்ட பக்கத்துக்காரன்