யோஷிதா எங்கிருந்தும் தாவவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த சண்டை) கட்டுரையில் ஒரு வரி: "ஜூடோவில் எடுபடாமல் கூண்டுச் சண்டைக்குத் தாவிய ஹிதெஹிகோ யோஷிதா."

எடுபடாமலா? 1992 பார்சிலோனா ஒலிம்பிக் ஜூடோவில் ஜப்பானுக்காக 78 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். அத்தனை போட்டியும் இப்பானில், அதாவது ஆட்டத்தை அங்கேயே முடிக்கும் முழுப் புள்ளியில், முடிந்தது. இறுதியில் அமெரிக்காவின் ஜேசன் மோரிஸை உச்சிமாட்டாவில் (எதிராளியின் உள்தொடையில் கால் கொடுத்து வீசும் பிடி) தூக்கிப் போட்டார். 1999இல் பர்மிங்ஹாமில் 90 கிலோவில் உலக சாம்பியன். இதற்கு மேல் எப்படி எடுபடுவது என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லிக்கொடுத்தால் எங்கள் பையன்களுக்கும் உதவியாக இருக்கும். 2000 சிட்னியில் பிரேசிலின் ஹொனோராட்டோவிடம் கையில் பலத்த காயத்தோடு தோற்ற பிறகுதான், 2002இல், எம்.எம்.ஏ.வுக்கு வந்தார். அவர் ஆடிய பிரைடு என்ற ஜப்பானிய எம்.எம்.ஏ. போட்டியின் மேடையும் கூண்டு அல்ல, கயிறு கட்டிய ரிங். தங்களுக்குத் தெரியாததா!

அதே கட்டுரையில், டோக்கியோ தேசிய மைதானத்தில் பிரேசிலின் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசியை அவர் "மயக்கமடையச் செய்தார்" என்றும் இருக்கிறது. இளவயதில் ஒரு பயிற்சி முகாமில், தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டாமல், வீம்பு பிடித்துக் கழுத்து நெரிப்பில் மயங்கியவன் நான். கண் திறந்தால் மேலே டியூப்லைட் தெரியும், காதுக்குள் இரைச்சல், யார் ஜெயித்தார்கள் என்பதே பிடிபடாது. கிரேசியோ, மயங்கிவிட்டார் என்று நடுவர் நிறுத்திய உடனே எழுந்து வாதாடினார். அந்தச் சச்சரவால்தான் 2003 டிசம்பர் 31 அன்று மறுபடியும் மோதினார்கள், அது டிரா. ராய்ஸின் அப்பா ஹெலியோவின் கையை 1951இல் ரியோவில் முறித்தவர் கிமுரா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர்தான். அந்தக் கணக்கைச் சொல்லாமல் இந்தச் சண்டையை எழுதி என்ன பயன்?

சரி, இந்த ஒரு கட்டுரையோடு போகட்டும் என்று பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஒலிம்பிக் வந்தால் தங்கள் இதழில் ஜூடோ செய்திக்குக் கராத்தே படம். உதைக்கிற படத்தைப் போட்டு 'ஜூடோ வீராங்கனை' என்கிறீர்கள். முன்பே எழுதினேன், பிரசுரமாகவில்லை. 2021இல் ஜப்பானின் ஜூடோ வீரர் தோஷிஹிகோ கோகா இறந்தபோது ஒரு வரிகூட இல்லை. பார்சிலோனாவில் யோஷிதாவோடு பயிற்சி செய்கையில் முழங்கால் போய், வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆடி 71 கிலோவில் தங்கம் வென்ற மனிதர். அந்தச் சமயத்தில் ஒரு கிரிக்கெட் வீரரின் தாடிக்கு அரைப் பக்கம் இருந்தது உங்களிடம். தாடி நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லவில்லை.

யோஷிதா தோற்கவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எம்.எம்.ஏ.வில் வாண்டர்லெய் சில்வாவிடம் தோற்றார், கிரோ காப் என்ற வீரரின் உதையில் கால் மரத்து நின்றார். ஆனால் கே-1 என்ற கிக்பாக்ஸிங் போட்டியின் சாம்பியன் மார்க் ஹன்ட்டைக் கைப்பூட்டுப் போட்டுத் தட்ட வைத்ததும் அவர்தான். ஜூடோ சட்டை போட்டுக்கொண்டு ரிங்குக்கு வந்தவர் அவர். விட்டுவிட்டு ஓடியவன் அதைப் போட்டுக்கொண்டு வருவானா? 2009 கடைசி நாளில், 40 வயதில், பீஜிங் ஒலிம்பிக் ஜூடோவில் தங்கம் வென்ற 23 வயது சதோஷி இஷீயை நடுவர் தீர்ப்பில் வென்றார். அடுத்த ஆண்டு டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் தன் சீடர் நகமுராவோடு மோதி, தோற்று, ஓய்வு பெற்றார். இதெல்லாம் கட்டுரையில் இல்லை. உடம்பில் எத்தனை பச்சை குத்தல் என்ற விவரம் மட்டும் ஆளாளுக்கு இருக்கிறது.

நான் கேட்பது இதுதான்: அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம். அப்புறம், அடுத்த மாதம் நடக்கும் எங்கள் மாவட்ட ஜூனியர் ஜூடோ போட்டியின் முடிவுகளை அனுப்புகிறேன், எந்த மூலையிலாவது போடுங்கள். இடமில்லை என்றால் விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று தெரிவியுங்கள், கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் சந்தாதாரர், ஜூடோ பயிற்சியாளர்,
திருச்சி