வெள்ளைச் சட்டையை வெயிலில் போட்டேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

சுகமாக இருக்கிறாயா? மருமகள் சுகமா, சின்னவள் தவழத் தொடங்கிவிட்டாளா? இதைப் போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுகிறேன், இன்றோடு மூன்று நாள். குரலில் பேசி அனுப்புங்கோ அம்மா என்று தங்கச்சி சொல்கிறாள். பேசத் தொடங்கினால் நான் எங்கெங்கோ போய்விடுவேன், உனக்குத் தெரியாததா. டொரொன்டோவில் பனி கொட்டுகிறது என்று நியூசில் காட்டினார்கள். காதை மூடிக்கொண்டு போ.

இங்கே மழை விட்டுவிட்டது. மார்கழி முழுக்கப் பெய்து, பின்வளவுக் கிணறு குனிந்து கையால் அள்ளலாம் போல நிரம்பிக் கிடக்கிறது. முதல் வெயில் அடித்த அன்றே பெட்டகத்தைத் திறந்து உடுப்பெல்லாம் வெளியே போட்டேன். அந்த ஞானஸ்நான வெள்ளைச் சட்டையும் இருந்தது. கழுத்தடி லேஸ் கொஞ்சம் மஞ்சளித்துப் போயிருந்தது, தேசிக்காய்ப் புளி பூசிக் காயவைத்தேன், பழையபடி வெளுத்துவிட்டது. தாத்தா, நான், சின்னம்மா, நீ, தங்கச்சி என்று எத்தனை உடம்பில் ஏறி இறங்கின துணி, ஒரு தையல் விடவில்லை. ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கைபிடிக்காது, அது வேறு கதை. பூச்சி அரிக்கக்கூடாது என்றுதான் வெயிலில் போட்டேன்.

சரி, எழுத வந்த விசயம் இது. நம்முடைய வியாழக்கிழமைச் செபக் குழுவுக்குப் புதிதாக வந்த சுவாமி ஒரு வேலை தந்திருக்கிறார். முப்பது வருசமாகக் கூடுகிறீர்கள், உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஆன்மிகம் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்றார். ரீச்சர் இருக்கிறாவே என்று எல்லோரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். பதினாலு பேர், ஒரு பக்கம், லேசு என்றுதான் நானும் நினைத்தேன். நாலு வியாழன் போய்விட்டது, இரண்டு பந்திதான் தேறியிருக்கிறது.

எல்லோரையும் நீ அறிவாய்தானே. மரியாயின் சேனை அன்ரிக்கு ஒழுங்குதான் பெரிது. கிழமைக்கு ஒரு கூட்டம், செபமாலை, இரண்டு மணித்தியாலம் ஆஸ்பத்திரிக்கோ வீடுகளுக்கோ போய்வந்து அடுத்த கூட்டத்தில் கணக்குச் சொல்வது, 1921 இல் டப்ளினில் தொடங்கின காலத்து ஒழுங்கு, அதை விட்டால் என்ன ஆன்மிகம் என்கிறா. வங்கி அங்கிள் வின்சென்ட் டி போல் சபைக்காரர். 1833 இல் பாரிசில் ஒசானாம் அந்தச் சபையைத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயது, ஏழையின் வீட்டு வாசற்படி மிதிக்காத செபம் என்ன செபம் என்று மேசையில் தட்டுகிறார். மூன்றாம் சபைக்காரர் இரண்டு பேருக்கும் அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் எளிமை எழுத்தில் வரவேண்டும். கிற்றார் தம்பிக்குக் கைதட்டிப் பாடாவிட்டால் பரிசுத்த ஆவி எங்கேயிருந்து வருவார் என்று கவலை. ஒருவர் சொல்வதும் பிழையில்லை. எல்லாவற்றையும் கூட்டி எழுதிப் பார்த்தால் சாமான் துண்டு மாதிரி இருந்தது, சீனி ஒரு கிலோ, பருப்பு அரைக் கிலோ.

சுவாமி அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். பக்தி முயற்சி வேறு, ஆன்மிகம் வேறு என்றார். நவநாளும் சிலுவைப்பாதையும் பக்தி முயற்சி. கடவுள், கணவன், கடன், காய்ச்சல் எல்லாவற்றையும் ஒருத்தி எந்தக் கண்ணால் பார்க்கிறாளோ அதுதான் அவளுடைய ஆன்மிகம் என்று சொன்னார். பிறகு பொதுநிலையினரை, குருவோ கன்னியரோ அல்லாத நம்மைப் போன்ற சனத்தைப் பற்றி, ஆயர்கள் கூடின வத்திக்கான் சங்கம் 1965 இல் வெளியிட்ட ஏட்டைத் தந்து, நாலாம் எண்ணை வாசிக்கச் சொன்னார். மணவாழ்வு, குடும்பம், தனித்திருத்தல், கைம்மை, நோய், தொழில் என்று அவரவர் இருக்கிற நிலையிலிருந்துதான் பொதுநிலையினரின் ஆன்மிகம் தன் சாயலை எடுக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. கைம்மை என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு வாசிப்பு நின்றுவிட்டது. அப்பா போய் ஆறு வருசம். இத்தனை நாளும் கன்னியர் மடத்திலிருந்து இரவல் வாங்கின செபத்தைச் சொல்லிக்கொண்டு, அடுப்படியும் பென்சன் கியூவும் செபத்துக்கு இடைஞ்சல் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அதே எண்ணில் இன்னொன்றும் உண்டு, ஒரு சங்கத்தில் சேர்ந்தவர்கள் அந்தச் சங்கத்துக்கென்று உள்ள ஆன்மிகத்தையும் தங்களுடையதாக்கப் பார்க்கவேண்டும் என்று. நமக்கென்று என்ன இருக்கிறது என்று பார்த்தால், எல்லாம் தாத்தாவின் மாதா சபை நீல ரிப்பன் பதக்கத்தில் போய்த்தான் நிற்கிறது.

அந்த மாதா சபை 1563 இல் உரோமையில் இயேசு சபையினரின் கல்லூரிப் பொடியன்களை வைத்துத் தொடங்கினது. 1967 இல் அதற்குக் கிறிஸ்தவ வாழ்வுச் சமூகம் என்று பெயர் மாறியது. திருகோணமலை மறைமாவட்டம் 1893 இல் உண்டாகி, கொஞ்சத்தில் இயேசு சபையினர் கைக்கு வந்தது, அதனால் இந்த ஊர்ச் சனத்திடம் அவர்களுடைய சபையைத் தொடங்கின இஞ்ஞாசியாரின் வாசனை லேசில் போகாது. தாத்தா படுக்கமுதல் திண்ணையில் ஐந்து நிமிசம் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாரே, நித்திரை தூங்குகிறார் என்று நீ சிரிப்பாய். அது ஆன்ம சோதனை. விடிந்ததிலிருந்து என்னென்ன நடந்தது, எதற்கு நன்றி சொல்லவேண்டும், எங்கே வழுக்கினேன் என்று திரும்பிப் பார்ப்பது. முதல் பந்தியில் அதைத்தான் எழுதினேன். இரண்டாவதில், வியாழனன்று அதை ஒளிக்காமல் ஒருவருக்கொருவர் சொல்வோம், கேட்கிறவர் புத்தி சொல்லமாட்டார், தர்க்கிக்கமாட்டார் என்று எழுதினேன். (புத்தி சொல்லாமல் கேட்பதா, அதுவும் அம்மாவா என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஏன், தொப்பி போட்டால் என்ன குறைந்தா போய்விடும், காதுக்குள் குளிர் போனால் உனக்கு உடனே தலையிடி வரும்.)

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கோவாவிலிருந்து புனித யோசப் வாஸ் சுவாமி 1687 இல் இலங்கையில் வந்து இறங்கினபோது ஒல்லாந்தர் ஆட்சி. யாழ்ப்பாணம் அவர்கள் கையில் விழுந்து முப்பது வருசம் அளவில் ஆகியிருந்தது, குருவானவர் இல்லை, பூசை இல்லை. சனம் வீட்டுக்குள்ளேயே செபத்தைக் காத்து வைத்திருந்தது. அவர்களிடம் யார் ஒரு பக்கம் எழுதிக் கேட்டார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை, பார். சின்னவள் பிறந்த முப்பத்தோராம் நாளுக்கு எடுத்த படமெல்லாம் பார்த்தேன், சம்பந்தி வீட்டார் வடிவாகச் செய்திருக்கிறார்கள், விபூதிக் குறியோடு சின்னவள் அப்படியே அம்மம்மாவின் முகம். அம்மம்மாவும் கோணேசர் நகர்வலம் வருகிற நாளில் வாசலில் நிறைகுடம் வைப்பா, வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கும் முதல் ஆளாக நிற்பா, தாத்தா ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. அதனால் அதைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் கிடையாது. நீ ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான். செய்தி போட்டால் இரண்டு நீலக் கோடும் விழுகிறது, பதில் மட்டும் விழுவதில்லை. பதினொரு வயதில் பேராலயத்தில் வாசகம் வாசித்தாயே, நடுவில் கரண்ட் போய் மைக் நின்றுவிட்டது, நீ நிற்கவில்லை, கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது, ஆயர் வீட்டுச் சமையற்கார ஐயா இன்றைக்கும் என்னைக் கண்டால் அதைத்தான் சொல்வார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு இரண்டு மாதம்.

சரி, மூன்றாவது பந்தி. போன வியாழன் நான் இரண்டையும் வாசித்து முடித்ததும், திருக்கடலூரிலிருந்து மீன் கொண்டுவருகிற அக்கா, அவ வழமையாக ஒன்றும் பேசமாட்டா, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டா. "ரீச்சர், சில கிழமை எனக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. கடவுள் இருக்கிறாரா என்றும் தெரியாது. அந்தக் கிழமையிலும் நான் இந்தக் குழுவில் ஒரு ஆளா, இல்லையா? அதையும் எழுதுங்கோ." ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுவாமி என்னைப் பார்த்தார். நான் பேனையைப் பார்த்தேன்.

எனக்கு அந்த மெழுகுதிரி ஞாபகம் வந்தது. நீ மறந்திருக்கமாட்டாய். 2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாளில் கடல் பொங்கி வந்ததே, அதற்கு அடுத்த வருச மழைக்காலம். கரண்ட் இல்லை. செபமாலையில் இரண்டாம் தேவ இரகசியம் உன் முறை. நீ சொல்லவில்லை. "அம்மா, எனக்கு உள்ளுக்குள் ஒன்றும் இல்லை, சுவரோடு கதைக்கிற மாதிரி இருக்கு" என்றாய், பதினைந்து வயதுப் பிள்ளை. நான் கையை ஓங்கி அறைந்தேன். மெழுகுதிரி சாய்ந்து பாயெல்லாம் மெழுகு. தங்கச்சி அழுதாள், அப்பா கீழே பார்த்துக்கொண்டு இருந்தார். நீ கன்னத்தைக்கூடத் தடவாமல் பத்து மணியையும் சொல்லி முடித்தாய், குரல் நடுங்கவில்லை. அன்றைக்குப் பிறகு என்னிடம் உண்மை எதுவும் நீ சொன்னதில்லை, இப்போது நினைத்தால் தெரிகிறது. கோயிலுக்கு வந்தாய், பாடினாய், வாசித்தாய், எல்லாம் சரியாகச் செய்தாய்.

மகன், அந்த நேரம் எனக்கும் உள்ளுக்குள் ஒன்றும் இருக்கவில்லை. சின்னம்மாவைக் கண்டெடுத்த அன்றைக்கே எல்லாம் வற்றிப்போயிற்று. மூன்று வருசம். மணியை உருட்டும்போது வாய் தன்பாட்டில் ஓடும், மனம் அந்தச் செருப்பில் நிற்கும், ஒற்றைச் செருப்பு. வியாழன்களில் ஆண்டவர் என்னைத் தாங்கினார் என்று சொல்லி எல்லோரையும் அழவைத்தேன், பச்சைப் பொய். நீ சொன்னது நான் சொல்லியிருக்கவேண்டியது, அதற்குத்தான் உனக்கு அடி விழுந்தது. வாய்க்காட்டினதுக்கு என்று அப்பாவிடம் சொன்னேன், பாவசங்கீர்த்தனத்திலும் அப்படித்தான் சொன்னேன்.

பிறகு எப்போது திரும்பி வந்தது என்று கேட்டால் நாள் சொல்லத் தெரியாது. ஒருநாள் பின்வளவில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு, காகத்தைக் கலைத்துக்கொண்டு, ஏன் அவளை எடுத்தீர், அவள் உமக்கு என்ன செய்தவள் என்று சத்தமாக ஏசிக்கொண்டிருந்தேன். முன்வீட்டு ரீச்சர் வேலிக்கு மேலால் எட்டி யாரோடு கதைக்கிறீர்கள் என்றா. அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வறட்சிக் காலத்தில், முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே என்று இஞ்ஞாசியார் எழுதி வைத்திருக்கிறார். இதை உனக்கு எழுதவேண்டும் என்று முந்தநாள் தட்டி, பிறகு அழித்து, இப்போது திரும்பவும் தட்டியிருக்கிறேன், பார். அந்த மெழுகுதிரி இரவில் சொல்லியிருக்கவேண்டும். இப்போது சொன்னால் அதுவும் புத்திதானே, விடு.

மூன்றாவது பந்தி இப்படி வருகிறது: "உள்ளுக்குள் ஒன்றும் இல்லாத நாளில் அதையும் சொல்ல இங்கே இடம் உண்டு, சொன்னவரை நாம் அடிக்கமாட்டோம்." வங்கி அங்கிள் 'அடிக்கமாட்டோம்' என்பதை வெட்டிவிட்டு 'தீர்ப்பிடமாட்டோம்' என்று போடச் சொல்வார். நான் விடப்போவதில்லை. ஏன் அந்தச் சொல் என்று கேட்டால் மெழுகுதிரி இரவைச் சொல்லவேண்டி வரும், அது என் கதை மட்டும் இல்லை, உன்னுடையதும். உன்னைக் கேட்காமல் பதின்மூன்று பேருக்கு முன்னால் அதை எடுத்து வைக்க எனக்கு உரிமையில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம், வேறு சொல் போடுகிறேன். ஆனால் பதில் சொல்லு.

கூட்டம் வியாழன் பின்னேரம் ஆறு மணிக்கு. உனக்கு விடிய ஏழு மணி என்றால் எனக்கு ஐந்தரை, நான் சீலை கட்டிக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பேன். மாசியில் லூர்து மாதா திருநாளுக்குப் பாலையூற்றுக்குப் போக வேன் பிடித்திருக்கிறோம், தங்கச்சியும் பிள்ளைகளும் வருகிறார்கள். மருமகளுக்கு மிளகாய்த்தூளும் கருவாடும் கட்டி வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லு. சட்டையை மடித்து வேப்பிலை போட்டுப் பெட்டகத்தின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். காதை மூடிக்கொண்டு போ.

அம்மா